மூன்றாவது குழாய்

காலை ஏழு மணிக்கே கடைசி இணைப்பை ஒட்டியாயிற்று. நாலு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்று பசை டப்பாவில் போட்டிருந்தது, இப்போது பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது, அந்தப் பத்து நிமிடத்தையும் விட்டுக்கொடுக்க ஆரோக்கியநாதனுக்கு மனமில்லை. ஹாலில் மீன்தொட்டியின் இரும்பு ஸ்டாண்டுக்கு அடியில் குப்புறப் படுத்து, மோவாயைத் தரையில் ஊன்றி, புதிதாகப் போட்ட மூன்று குழாய்களையும் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தடித் தொட்டி. அதில் இருந்த ஆறு ஏஞ்சல் மீன்களும் நேற்றிலிருந்து ஒரு நீல டிரம்மில், சமையலறை வாசலில். முன்பு இருந்தது ஒரே ஒரு குழாய்தான். விளிம்பை நெருங்கும் தண்ணீர் அதன் வழியாகக் கீழே இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும், அங்கே பஞ்சிலும் கல்லிலும் வடிந்து சுத்தமாகும், மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும். இறங்குவது நின்றுபோனாலும் தள்ளுவது நிற்காது. மோட்டாருக்குக் கண்ணா இருக்கிறது. இப்போது மூன்று. முதல் குழாய் முழுக்கத் தண்ணீரால் நிரம்பிச் சத்தமில்லாமல் இறங்கும், அளவைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு வால்வு. அது வாங்கியது போக மிஞ்சுவதை இரண்டாவது வாங்கும். மூன்றாவது சும்மா நிற்கும். மற்ற இரண்டும் அடைத்துக்கொண்டால் மட்டும் அதற்கு வேலை. வருஷக்கணக்கில் ஒரு சொட்டுக்கூடப் பார்க்காமல் காய்ந்தே கிடக்கலாம், கிடக்கட்டும், அதற்குத்தான் அது. துவாக்குடிப் பக்கம் அவன் வேலை பார்க்கும் பட்டறையிலும் இதே கதைதான்: பாய்லர் குழாய்களில் தண்ணீரை ஏற்றி, அழுத்தத்தைக் கூட்டி, அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, ஒவ்வொரு பற்றவைப்பாக விரலால் தடவிப் பார்த்து, கடைசியில் தாளில் 'கசிவு இல்லை' என்று எழுதி அவன் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாகப் போடுகிறான். அவன் போட்ட கையெழுத்தை யாரும் மறுபடி சோதித்ததில்லை. ஆரோக்கியம் பார்த்துட்டாரா, அப்ப சரி, என்பார்கள். அதை நினைத்ததும் குழாய்களை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஏற்கெனவே எண்ணியதுதான்.

பதினொன்றுக்கு ரப்பர் குழாயைச் சமையலறையிலிருந்து இழுத்து வந்து தொட்டிக்குள் போட்டான். தண்ணீர் கண்ணாடியில் மோதி, வெறும் அடியில் விரிந்து, மணலைக் கொஞ்சம் நகர்த்தி, மெல்ல ஏறத் தொடங்கியது. முழுக்க நிரம்ப முக்கால் மணி நேரமாகும். பிலோமினா இல்லாதது நல்லதாகப் போயிற்று. அவன் மனைவி காலையிலேயே கீழ்வீட்டுக்குப் போய்விட்டாள், விசாலாட்சியம்மாவுக்குத் துணிமணி எடுத்து வைக்க. இந்த வேலையெல்லாம் இப்ப எதுக்குங்க, இருந்த குழாய் நல்லாத்தானே இருந்துச்சு என்று அவள் நேற்றுக் கேட்டபோது, பழைய குழாய் சத்தம் போடுது என்றான். அவள் நம்பினாள். எதையும் நம்புவாள், அதுதான் கஷ்டம். தண்ணீர் மூன்று விரல் ஏறியிருந்தது. அன்றைக்கு வழிந்த தண்ணீர் எவ்வளவு இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான், இந்த ஆறு வாரத்தில் எத்தனை முறை என்று தெரியாது: கீழ்த்தொட்டியில் மோட்டார் நிற்கும் அறையின் நீளம், அகலம், ஆழம், மோட்டார் காற்றை உறிஞ்சி இரைய ஆரம்பிக்கும் மட்டம், எல்லாம் பெருக்கிக் கழித்தால் நாற்பது லிட்டர். மூன்று குடம்கூட இல்லை. அந்த மூன்று குடத்தைத்தான் மோட்டார் விளிம்புக்கு மேல் தள்ளியது. ரிப்பன் மாதிரி நீண்ட பாசி இலை ஒன்று அழுகி, குழாய் வாயில் இருந்த சல்லடையில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. மோட்டார் வெறுமனே இரையும் சத்தத்தில்தான் அவன் எழுந்தான். மணி ஐந்தரை. பிலோமினா அப்போது திண்டுக்கல்லில், தங்கை வீட்டில். காலை வைத்ததும் சில்லென்று தண்ணீர். சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டான். சுவர் மூலையில் தரையோடு தரையாக ஒரு குழாய் வாய் இருக்கிறது, வீடு கட்டியவர்கள் இன்னொரு வாஷ்பேசினுக்காகப் போட்டு, கடைசிவரை எதையும் இணைக்காமல் விட்டது. அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. தண்ணீர் அந்த வாய்க்குள் சுழித்துச் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, தானா வடியுது, என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான், வார்த்தை மாறாமல். அந்த நினைப்போடு அது நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் விளக்குமாற்றை எடுத்தான்.

இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் போல மனம் நழுவி வேறு எங்கோ போகப் பார்த்தது. தண்ணீர் பாதித் தொட்டியை எட்டியிருந்தது, முதல் குழாயின் அடி இணைப்பில் விரலை வைத்துப் பார்த்தான், உலர்ந்திருந்தது, இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதைப் பார்க்கத் தேவையில்லை, பார்த்தான். அவன் விளக்குமாற்றை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரைச் சோபாவுக்கு அடியிலிருந்தும் மேஜைக்கு அடியிலிருந்தும் கூட்டிக் கூட்டி, அந்த மூலைக்கே தள்ளினான். கால் மணி நேரம் தள்ளினான். தரை சுத்தமாயிற்று. துணியைப் பிழிந்து காயப்போடும்போதுதான் கீழே ஏதோ விழுந்த சத்தம், பாத்திரம் என்று நினைத்தான், பிறகு குரல், பிறகு வேலைக்காரி செல்வமணி மாடிப்படியில் நின்று யாராவது வாங்களேன் என்று கூப்பிட்டது. அவன்தான் முதலில் ஓடினான். வாஷ்பேசினுக்கு முன்னால் விசாலாட்சியம்மா ஒருக்களித்துக் கிடந்தாள், ஒரு கால் கோணலாக. சுற்றிலும் தண்ணீர். வாஷ்பேசினுக்குக் கீழே சுவரில் ஒரு குழாய் வாய், மேலே அவன் வீட்டில் இருந்ததற்கு நேர் கீழே, அதிலிருந்து ஒரு சொட்டு தொங்கி, நீண்டு, விழுந்தது. அதை அவன் மட்டும்தான் பார்த்தான். எதிர்வீட்டுக்காரரும் செல்வமணியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் போர்வையில் கிடத்தித் தூக்கியபோது கால் பக்கத்தைப் பிடித்தது அவன். அவன் கைலி முழங்கால்வரை நனைந்திருந்தது, ஆனால் அந்தத் தரையில் நின்ற எல்லோருடைய துணியும்தான் நனைந்திருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. அவனும் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று முதல் வாரம் நினைத்தான், இரண்டாவது வாரம் அப்படி நினைக்க முடியவில்லை. வலியில் முனகியபடி விசாலாட்சியம்மாவே கேட்டாள், ராத்திரி நான்தான் பேசின் குழாயை மூடாம விட்டுட்டேனோ என்று. கேள்வியாகத்தான் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பதிலாகிவிட்டது. குழாய் மூடித்தானே இருந்துச்சு என்று செல்வமணி சொன்னாள். விழறதுக்கு முன்னாடி மூடியிருப்பாங்க, அதுவும் மறந்துபோச்சு, வயசாகுதில்ல, என்றார் எதிர்வீட்டுக்காரர். எழுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஊரில் நாலு இலக்க எண்கள் இருந்த காலத்தில் புத்தகத்தைப் பார்க்காமலே இணைப்புக் கொடுப்பாளாம், யார் வீட்டுக்கு என்ன எண் என்று இன்றைக்கும் சொல்லுவாள், குடியிருப்பில் எட்டு வீட்டுக் கைபேசி எண்ணும் அவளுக்கு மனப்பாடம், பிலோமினா தன் எண்ணையே அவளிடம் கேட்டுத்தான் சொல்லுவாள். இடுப்பில் தகடு வைத்து, மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொடுக்கப் போய்விட்டு வந்து பிலோமினா சொல்லும் செய்தி அவன் தட்டில் சோற்றோடு சேர்ந்து விழும். இன்னிக்கு அடுப்பை அணைச்சோமான்னு மூணு தடவை கேட்டாங்க. இன்னிக்குக் கதவு பூட்டியிருக்கான்னு செல்வமணியைப் போய்ப் பாக்கச் சொன்னாங்க. ஓசூரிலிருந்து மகன் கிரிதரன் தினமும் போனில் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறானாம், யாரோ டாக்டர் கேட்கச் சொன்னாராம். பாவம், பரிட்சைக்குப் படிக்கிற மாதிரி காலண்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, என்றாள். இன்றைக்கு மாலை நாலு மணிக்குக் கிரிதரன் வருகிறான். நாளை அழைத்துப் போகிறான், தன் வீட்டுக்குக்கூட இல்லை, ஞாபகம் குறைந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதிக்கு. ஒன்றாம் தேதி கீழ்வீட்டுக்கு வேறு ஆள் வருகிறார்கள்.

தண்ணீர் முதல் குழாயின் வாயை எட்டிவிட்டது. ரப்பர் குழாயை எடுத்து, கீழ்த்தொட்டியையும் நிரப்பி, தரை முழுக்கப் பழைய துண்டுகளை விரித்து, மோட்டார் சுவிட்சைப் போட்டான். முதல் குழாய் கொஞ்ச நேரம் கொப்பளித்தது, காற்றை இருமி இருமி வெளியே தள்ளியது, வால்வைக் கால் திருகு மூடினான், அரைக்கால் திறந்தான், திடீரென்று சத்தம் நின்றது. அவ்வளவு தண்ணீர் இறங்குவதற்குச் சத்தமே இல்லை. இரண்டாவது குழாயில் மெல்லிய இழை ஒன்று வழிந்துகொண்டிருந்தது. சரியாக இருந்தது. இவ்வளவு சரியாக ஒரு வேலையை அவன் செய்து நாளாயிற்று. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தோன்றியது, தோன்றியதோடு சரி. போன மாதம் கோவிலில் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோது இப்படித்தான், எல்லாம் தயாராக இருந்தது, மண்டியிட்டதும், கோபப்பட்டது, பூசைக்கு வராமல் இருந்தது, பட்டறையில் ஒருவனைத் திட்டியது என்று வரிசையாக வந்தது, கடைசியில் வேறு ஏதாவது உண்டா மகனே என்று சாமியார் கேட்டார், இல்லை சாமி என்றான். இல்லை சாமி. கசிவு இல்லை. மூலையில் அந்தக் குழாய் வாய் இன்னும் திறந்துதான் இருந்தது. அதை அடைக்க வெள்ளை சிமெண்ட் வாங்கி வந்து மூன்று வாரம். பாக்கெட் ஜன்னலடியில் இருந்தது. ஒரு கை சிமெண்ட்டைக் குழைத்து வைத்து, காய்ந்ததும் தேய்த்து விட்டால், அப்படி ஒரு வாய் இருந்ததென்று அவனே மறந்துபோவான். ஏன் செய்யவில்லை. வேலை முடிந்ததும் செய்யலாம் என்றுதான். பட்டறையில் உடைந்த குழாயை விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாது, அந்தப் பழக்கம்கூடக் காரணமாக இருக்கலாம். அவனுக்குத் தெரியவில்லை. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தான்.

தொட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் கேட்டது. பழைய குழாய் இருந்திருந்தால் கேட்டிருக்காது. குழாய் வாயிலிருந்து ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், ஆனால் தெளிவாக. ரெண்டு மூணு ஏழு நாலு, பெரியகடை வீதி ஜவுளிக்கடை. ரெண்டு ஒண்ணு ஒண்ணு ஆறு, பல் டாக்டர். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நாலு எட்டு. நாலு எட்டு அஞ்சு. குரல் நின்றது. நாலு எட்டு என்று மறுபடி ஆரம்பித்தது. அவன் சிமெண்ட் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், தனக்குத் தெரியாத ஒரு எண்ணின் மிச்ச இலக்கங்களுக்காக. வரவில்லை. ஞாபகம் இல்லாமலா, இல்லை, சரியாகச் சொல்லிவிட்டும் அது சரிதானா என்று அவளுக்கு நம்பிக்கை இல்லாமலா. பிலோமினாவின் குரல் ஏதோ சமாதானம் சொன்னது. விடுங்கம்மா, இதெல்லாம் இப்ப யாருக்கு வேணும். அதற்கு அந்த அம்மாள் சொன்னதும் கேட்டது, எனக்கு வேணும், என்றாள்.

அவன் எழுந்து தொட்டிக்குப் போனான். கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. முதல் குழாயின் வாயைத் துணிப்பந்தால் அடைத்தான். தண்ணீர் ஏறி இரண்டாவது குழாய் இரைந்தது. அதையும் அடைத்தான். இப்போது மோட்டார் தள்ளுவது மட்டும்தான், இறங்க வழியில்லை, தண்ணீர் கண்ணாடியில் நூல் நூலாக ஏறியது, விளிம்புக்கு இரண்டு விரல், ஒன்றரை விரல், அவன் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது, போன கையை இழுத்துக்கொண்டான், ஒரு விரல் இருக்கும்போது மூன்றாவது குழாய் பெரிய சத்தத்தோடு தண்ணீரை வாங்கிக்கொண்டது. ஏற்றம் நின்றது. ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரித்திருந்த துண்டுகளில் ஒரு சொட்டு இல்லை. இனி எந்த இலை எங்கே ஒட்டினாலும் இந்த வீட்டிலிருந்து தண்ணீர் கீழே போகாது. இனி. அந்தச் சொல்தான் இடித்தது. ஆறு வாரம் கடையிலிருந்து கடைக்கு அலைந்து, அளந்து, அறுத்து, கண்ணாடியில் ஓட்டை போட ஆள் பிடித்து, இதை முடித்துவிட்டுச் சொல்லலாம், எல்லாம் சரி செய்துவிட்டேன் என்று சேர்த்துச் சொல்லலாம், அப்போது சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இப்போது முடிந்துவிட்டது. மீன்களைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகலாமா. தண்ணீர் கொஞ்சம் அடங்கட்டும், ஒரு மணி நேரம் போகட்டும். சாப்பிட்டுவிட்டு. நாலு மணிக்குக் கிரிதரன் வரட்டும், அவனிடமே நேரடியாக. துணிப்பந்துகளை எடுத்தான். முதல் குழாய் மறுபடி ஒருமுறை இருமிவிட்டுச் சத்தமடங்கியது. கையைத் துடைக்காமலே கதவைத் திறந்து படியிறங்கினான். எட்டுப் படி இறங்கியதும் திரும்பி ஏறினான். வீட்டுக் கதவைச் சாத்த மறந்திருந்தான். சாத்திவிட்டு, இதுதான் கடைசிச் சாக்கு என்று தனக்கே தெரிந்து, மறுபடி இறங்கினான்.

விசாலாட்சியம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல். கட்டிலின் மேலேயே, கால்மாட்டில், பெட்டி திறந்திருந்தது, பிலோமினா புடவைகளை மடித்து அதில் வைத்துக்கொண்டிருந்தாள். தொட்டி வேலை முடிஞ்சுதா தம்பி, மேல நடமாட்டம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, என்று அந்த அம்மாள் சிரித்தாள். சிரித்துவிட்டு, இன்னிக்குச் சனிக்கிழமைதானே, உங்களுக்கு லீவு, என்று கேட்டாள், கேட்டதும் அவள் கண் காலண்டருக்குப் போய்வந்தது. அவன் படியில் தயார் செய்து வந்த வாக்கியம் அங்கே காணாமல் போயிற்று.

"அன்னிக்குத் தண்ணி உங்க குழாய்ல இருந்து வரலம்மா," என்றான். "என் தொட்டியில இருந்து வந்துச்சு."

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், பட்டறையில் அறிக்கை படிப்பதுபோல் வரிசையாகச் சொன்னான். இலை அடைத்தது, நாற்பது லிட்டர், மூலையில் இருக்கும் குழாய் வாய், அது இறங்கி வந்து இந்த வீட்டு பேசினுக்கடியில் திறப்பது. விளக்குமாற்றால் தள்ளியதையும் சொன்னான். சொல்லும்போது கை அந்தத் தள்ளலைச் செய்து காட்டிவிட்டது, அதைப் பின்னால் கட்டிக்கொண்டான். இதெல்லாம் அன்றைக்கே தெரியும் என்றும் சொன்னான். பிலோமினா கையிலிருந்த புடவையை மடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

விசாலாட்சியம்மா கேட்ட குரல், யாருக்கோ இணைப்புக் கொடுக்குமுன் எண்ணைச் சரிபார்க்கிற குரல்.

"நீங்க எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"அஞ்சரைக்கும்மா."

"நான் விழுந்தது ஆறு அடிக்கப் பத்து."

"ஆமா."

"நடுவுல இருபது நிமிஷம் இருந்திருக்கு."

"இருந்துச்சும்மா."

அந்த இருபது நிமிடத்தை அவன் இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. லிட்டரைக் கணக்குப் போட்டிருக்கிறான், நிமிடத்தைப் போடவில்லை. இறங்கி வந்து ஒரு தரம் கதவைத் தட்டியிருக்கலாம். நின்றுகொண்டே இருந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் தன் வலது கையை மடியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இடுப்பு வலிக்கத்தான் செய்யுது தம்பி. பரவாயில்லைன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா தினமும் படுத்துக்கிட்டு இந்தக் கையைத்தான் பாப்பேன். அன்னிக்கு ராத்திரி வாய் கொப்பளிச்சிட்டுக் குழாயை இறுக்கினது நல்லா ஞாபகம் இருக்கு. வாஷர் தேஞ்ச குழாய், கொஞ்சம் அழுத்தித்தான் திருகணும். அழுத்தினது மணிக்கட்டுல இருக்கு. ஆனா எல்லாரும் இல்லைங்கறாங்க. அப்ப ஞாபகம் இருக்கறதுன்னு நான் நினைக்கிறது எதுவுமே நம்பறதுக்கில்லைன்னு ஆயிடுச்சு. கல்யாணத்துல இருந்து எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன்." அவனைப் பார்க்காமல் கேட்டாள். "அப்ப நான் மூடித்தான் வச்சிருந்தேனா?"

"மூடித்தான் வச்சிருந்தீங்கம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. அழுகிறாளோ என்று பிலோமினா கிட்டே போனாள். அழவில்லை. கிரிதரனிடம் இதை ஆரோக்கியநாதனே சொல்ல வேண்டும், தான் சொன்னால் மகன் நம்பமாட்டான் என்றாள் அந்த அம்மாள். சொல்கிறேன் என்றான். இப்பவே போன் போட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நேரில் வரட்டும், நீங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அதுவரை இங்கேயே இருங்கள் என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிலோமினா அவனைக் கடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், அந்த அம்மாளுக்கு மட்டும். திரும்பும்போதும் அவன் பக்கம் பார்க்கவில்லை. மணி ஒன்றுகூட ஆகவில்லை. நாலு மணிவரை மூன்று பேரும் இந்த அறையில்தான் இருந்தாக வேண்டும்.

விசாலாட்சியம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள். நல்ல காலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள்.

"பிலோமினா, அந்தப் பெட்டியைக் கீழ எறக்கி வையி," என்றாள். "கால் நீட்ட இடமில்லை."